அணிலம்மாவின் பொன்னாடை

அணிலம்மாவின் மகளுக்குக் கொக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கட்டணம் நூறு கடலை. உதவித்தொகையும் நூறு கடலை! அணிலம்மா மரம் மரமாக ஓடி எல்லோரிடமும் சொன்னாள். நன்றி சொல்ல ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

அலுவலகத்துக் கொக்கு ஐந்தாறு தாள்களை நீட்டியது. "எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுங்கம்மா. படிப்பு முடிஞ்சதும் இருநூறாத் திருப்பித் தரணும்."

"அப்போ இது கடனா சார்?"

"சேச்சே! முதல் ஐம்பது கல்வி உதவி. அடுத்த முப்பது குடும்ப உதவி. மிச்சம் இருபது கைதூக்கிவிடும் உதவி."

"இதுல திருப்பித் தர வேண்டாதது எது?"

கொக்கு தாள்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தது. "வாழ்த்துக் கடிதம்மா. அதை நீங்களே வச்சுக்கலாம்."

ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! அணிலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்த பொன்னாடையை எடுத்து ஓர் உதறு உதறி, மேசைமேல் தாவி ஏறி, கொக்கின் நீண்ட கழுத்தில் போர்த்தினாள்.

கொக்கு கூச்சத்தோடு நெளிந்தது. "எதுக்கும்மா இதெல்லாம்?"

"சும்மா, ஒரு உதவிதான் சார். அடுத்த மாசம் ரெண்டாத் திருப்பிக் குடுத்துடுங்க."