விடுபட்ட வரி

சோதனை மேசையில் இருந்த நோயாளி மானிட்டரின் அலாரம் பொத்தானை நூர்ஜகான் மூன்றாவது முறையாக அழுத்தினாள். சத்தமே இல்லை. தன் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி ஐந்து நிமிடம் ஆகியும், திரையில் இதயத்துடிப்பு எழுபத்தாறு என்றே நின்றது.

"தயா, இது உங்க கைவண்ணம்தான். மெஷினோட அடிப்படை புரோகிராம் கெர்னல்ல, பிராசசரைக் கூப்பிடுற இன்டரப்டை அணைச்சிட்டு அப்படியே வெளியே வந்துட்டீங்க. பிராசசர் காதுல பஞ்சை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

விரல் கிளிப்பின் சென்சார் கழன்றால் மட்டும் ஓடும் புரோகிராம் பகுதி அது. இன்டரப்டை மறுபடி திறக்கும் ஒரு வரியைத் தயாபரன் அங்கே எழுத மறந்திருந்தான். அது இல்லாமல் எந்த அழைப்பும் பிராசசரை எட்டாது. கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கும். வரியைச் சேர்த்துவிட்டு, அந்தப் பகுதியை முதலில் எழுதிய தேதியைப் பார்த்தான். போன வருடம் பிப்ரவரி.

"அடப்பாவி, ஒன்றரை வருஷமா? எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு?" என்றாள் அவள்.

அதே வருடம் ஏப்ரலில், ஆஸ்பத்திரியில் "எங்க கம்பெனி மெஷின் இருக்கிற பெட்டுக்கு மாத்துங்க சிஸ்டர்" என்று கெஞ்சி, மனைவி நித்திலாவை இடம் மாற்றியது அவன்தான். அவள் உயிரோடு இருந்த கடைசி நாள் மதியம், திரையில் எண் கொஞ்சமும் அசையாமல் இருந்த தைரியத்தில்தான் அவன் கேன்டீனுக்குச் சாப்பிடப் போனான்.