புதினாத் தொட்டி

"பெத்த அம்மா படுத்த படுக்கையா கிடக்கறாங்க, இவருக்குப் புதினா வளர்க்கணுமாம்!"

வினிதா இதைச் சொல்லிப் புலம்பாத வீடு அஸ்தினாபுரத்தில் இல்லை. சொன்னதில் தப்பும் இல்லை.

அந்தக் கோடையில் லாரித் தண்ணி வாரத்துக்கு இரண்டு தடவைதான். ஒரு குடத்துக்குத் தெருவே அடித்துக்கொண்டது. அவள் புருஷன் தினகரன் என்னடாவென்றால், பெயின்ட் வாளியில் புதினா நட்டு, வாளியின் அடியில் துணித் திரியைத் தொங்கவிட்டு, அது நனையக் கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தான். தட்டு குறையக் குறையத் தானே நிரம்பட்டும் என்று ஒரு பெரிய பாட்டிலையும் கவிழ்த்து வைத்தான்.

அதையும் எங்கே? அம்மா கிளியம்மாளின் கட்டிலை ஒட்டி!

"வேற இடமே கிடைக்கலையா?"

"ஜன்னல் வெயில் போதும். யாரும் ஊத்த வேண்டாம், அதுவே எடுத்துக்கும்."

வினிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடியில் கிளியம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் அந்த அறையைச் சாத்தி வைத்தார்கள். தினகரன் மட்டும் காலையில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவான்.

ஒரு சாயங்காலம் டி.வி.யை அணைத்ததும் வினிதாவுக்குக் கேட்டது. சாத்திய அறைக்குள்ளிருந்து.

களக்.

யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம்.

கதவில் காதை வைத்தாள். நின்றுவிட்டது. நகர்ந்தாள். களக்... களக்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தினகரன் ஆபீஸிலிருந்து வரும்போது அவள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"ஏங்க, அத்தை உள்ளே தண்ணி குடிக்கறாங்க."

"என்ன உளர்றே?"

"சத்தியமா! நான் குடுக்கலையே... அதான் தாகம் அடங்கல."

தினகரன் கைப்பையைக் கீழே வைத்தான்.

"பகல்ல கேட்பாங்க, தொண்டை காயுதும்மான்னு. குடிச்சா படுக்கை நனையும். தினம் போர்வை துவைக்கத் தண்ணிக்கு எங்க போவேன்? காதுல விழாத மாதிரி டி.வி. சத்தத்தைக் கூட்டிடுவேன். பாவிங்க நான்!" ஓவென்று அழுதாள்.

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அறைக் கதவைத் திறந்தான். காலிக் கட்டில். பக்கத்தில் புதினா தளதளவென்று இருந்தது. கவிழ்த்த பாட்டிலுக்குள் ஒரு காற்றுக் குமிழி ஏறியது.

களக்.

"தட்டுல தண்ணி குறைஞ்சா பாட்டிலுக்குள்ள காத்து போகும். அந்தச் சத்தம்தான்."

வினிதாவுக்குப் போன உயிர் வந்தது. "ச்சே, இதுக்கா நடுங்கினேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். தட்டிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று கிளம்பி, கட்டிலின் சுவர்ப்பக்கமாகவே ஓடி, தலைமாட்டில் வந்து நின்றது. நுனியில் பல் பதிந்த தடம்.

"இது எதுக்குங்க?"

"செடி உன் கண்ணை மறைக்க வெச்சது, வினிதா" என்றான் தினகரன். "தண்ணி அம்மாவுக்கு."