இரண்டாவது குழி

சாக்கை விலக்கிப் பார்த்தான்.

குழி அப்படியே இருந்தது. ஆறரை அங்குல அகலம். கூழாங்கல் ஒன்றை உள்ளே போட்டான். சத்தம் வர நேரமாயிற்று.

கையெல்லாம் கிரீஸும் கல்மாவும். கட்டைவிரலை மட்டும் சட்டையில் துடைத்து, அம்மா அனுப்பிய குரல் பதிவைப் போனில் மறுபடி ஓடவிட்டான்.

"சாமி, உங்கப்பா இன்னும் பாப்பாவோட முகாம் தாள்ல கையெழுத்துப் போடல. புது எடமாமா, தண்ணி இருக்குதோ என்னமோன்னு ஒரே யோசன. நீ அங்கதான போர் போடற? நீ சரீன்னு சொன்னாப் பாப்பா வரட்டும். வேண்டாம்னா வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் கடைசியாமா."

அம்மாவுக்குப் பின்னாலிருந்து தங்கை இலக்கியா கத்தினாள். "டேய் அண்ணா, மரமாவது இருக்குதாடா? முள்ளு கிள்ளு கெடந்தா இப்பவே பொறுக்கி வையி!"

சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை.

நாக்பூருக்கும் வடக்கே ஒரு பொட்டல். அகில இந்தியச் சாரணர் முகாம் இந்த முறை இங்கே. வழக்கமான காடு வேண்டாமென்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இருபதாயிரம் பிள்ளைகள் வருவார்கள். குடிக்க, குளிக்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகத் திருச்செங்கோட்டிலிருந்து வந்த, ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் அவனும் வந்திருந்தான்.

மூன்று குழி போட்டார்கள். முதலாவதில் தண்ணீர் பீறிட்டது. மூன்றாவதிலும். இரண்டாவது நூற்றைம்பது அடியில் சரிந்தது. மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் குழாயை உருவிக்கொண்டார்கள். குழியின் வாயில் ஒரு சாக்கு. சாக்கின் மேல் ஒரு கல்.

பெரிய பிள்ளை என்றால் கால் போகும்.

சின்னப் பிள்ளை என்றால் முழுசாகப் போகும்.

நான்கு வருடத்துக்கு முன் இதே முகாமுக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தக் காட்டின் வரைபடம் அவனுக்கு மனப்பாடம். ஓடை எங்கே வளைகிறது, கொடிமேடை எந்தப் பக்கம், எல்லாம். ஸ்கார்ஃபை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தான்.

அதே வாரம் லாரி கிளம்பியது. ஓர் ஆள் குறைந்தது. அப்பா அவனைப் பார்த்தார். முகாமுக்குப் பதில் லாரியில் ஏறினான்.

அன்றைக்குத் தண்ணீர் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

போனில் இலக்கியாவின் படம். சீருடை, தொப்பி, பல் தெரியும் சிரிப்பு. கழுத்தில் அவனுடைய ஸ்கார்ஃப். அதைக் கோத்திருக்கும் தோல் வளையம் அவன் பின்னியது. மூன்று நாள் பின்னினான்.

கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பான்.

கேட்கவில்லை.

வயிறு எரிந்தது. பசி என்று வைத்துக்கொண்டான்.

போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எழுத்து வரிசையாக வந்தது.

"அம்மா, எடம் சரியில்ல. குழி ஒண்ணு மூடாமக் கெடக்குது. பாப்பா வர வேண்டாம்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அனுப்ப வேண்டியதுதான். கட்டைவிரல் சுத்தமாகத்தான் இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் மண் குவிந்து கிடந்தது. உள்ளேயிருந்து வந்த அதே மண். மண்வெட்டி லாரியில் இருக்கிறது. இரண்டு மணி நேர வேலை.

மூடிவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கொஞ்ச நேரம் குழியின் ஓரத்தில் குந்தியிருந்தான். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துவந்தான்.

முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு, போன இடமே தெரியவில்லை. மண்ணோடு சேர்த்துத் திட்டினான். அவளைத் திட்டினான். அப்பாவைத் திட்டினான். காட்டை மாற்றியவனைத் திட்டினான். வெயில் உச்சிக்கு ஏறியது.

"டேய் ஸ்கவுட்டு!" லாரியடியிலிருந்து டிரில்லர் நல்லுசாமி அண்ணன் கூப்பிட்டார். "சோறு ஆறுது. செத்த குழிக்கு என்னடா சேவை? கொடி ஏத்தப் போறயா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அடுத்த வெட்டை உள்ளே தள்ளினான்.

குழி நிரம்பியது. கடப்பாரையால் குத்தினான். இறங்கிய இடத்தில் மறுபடி மண் போட்டான். கடைசியில் மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தான். மூன்று முறை.

அசையவில்லை.

போனில் பழைய வரி இன்னும் போகாமல் காத்திருந்தது. அழித்தான். புதிதாகச் சொன்னான்.

"அம்மா, எடம் நல்லாருக்குது. ரெண்டு குழியிலயும் நல்ல தண்ணி. அப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லு. பாப்பா வரட்டும்."

அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. அவள்தான். "மரம் இருக்குதான்னு கேட்டேனே, அதச் சொல்லுடா!"

பதில் போடவில்லை.

முள்ளையும் பொறுக்கவில்லை. அதை அவளே பொறுக்கட்டும்.

கைக்கு அடங்கிய கற்களாகத் தேடி எடுத்துவந்தான். மூடிய குழியின் மேல் வட்டமாக அடுக்கினான். நடுவில் ஒரே ஒரு கல் வைத்தான். தடம் பார்த்து வருகிற சாரணருக்கு அதுதான் கடைசிக் குறி. 'நான் வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். எட்டாம் வகுப்பில் அதற்கு அவன் பேட்ஜ் வாங்கியிருக்கிறான். அவளும் வாங்கியிருக்கிறாள்.

இங்கே இப்படி ஒன்று இருக்கிறதென்று அவளிடம் சொல்லப்போவதில்லை.

அவ்வளவு பெரிய சாரணியர் என்றால் கண்டுபிடிக்கட்டும்.

ஹாரன் அடித்தது. ஓடிப்போய்ப் பின்னால் குழாய்களின் மேல் ஏறி உட்கார்ந்தான். பொட்டலில் அந்த வட்டம் கொஞ்ச தூரம் தெரிந்தது.

சாலை வந்ததும் லாரி இன்னும் வடக்கே திரும்பியது.