ஏழாவது பதில்

"அதிகாரி எதைக் கேட்டாலும், அவங்கவங்களுக்குக் கொடுத்த பதிலை அவங்கவங்கதான் சொல்லணும். இன்னொருத்தர் பதில்ல வாய் வெச்சீங்க, தொலைச்சிடுவேன்!"

ஒரு வாரமாகப் பிள்ளைகளின் உயிரை வாங்கியிருந்தார் தலைமை ஆசிரியர். மனித உரிமையும் சுற்றுச்சூழலும் அவரைப் பொறுத்தவரை ஏழு பிள்ளைகள், ஏழு பதில்கள். அவ்வளவுதான்.

அதிகாரி வந்தார். 'பிளாஸ்டிக் இல்லாப் பள்ளி' என்று வாசலில் கட்டியிருந்த பளபளப்பான பிளெக்ஸ் பேனரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

வகுப்பில் கேள்விகள் தொடங்கின. காற்று, தண்ணீர், மரம், பேச்சுரிமை என்று ஆறு பதில்களும் பிசகாமல் வந்து விழுந்தன. தலைமை ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"பள்ளிக்கூடம் வந்து படிக்க யாருக்கெல்லாம் உரிமை இருக்கு?"

பிள்ளைகள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுகூடத் தெரியாதா?"

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "தெரியும் சார். ஆனா அது கடைசி பெஞ்ச்காரியோட பதில்."

"அவ எங்கே?"

"காலையில வந்தா சார். அவகிட்ட பை கிடையாது. புத்தகத்தை பிளாஸ்டிக் கவர்ல கொண்டுவந்ததுக்கு, ஹெச்எம் சார் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு."