சாவியும் இரண்டு கைகளும்

போலாரத்து ஞாயிற்றுக்கிழமை வெயில் பிக்கப் வண்டியின் திறந்த பானெட்டுக்குள் நேராக இறங்குகிறது. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது டீசல் எஞ்சின் தடதடக்கிறது. ஒயர், மீட்டர், சாவி எல்லாம் வண்டியோடு வந்த பழையவைதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புஷ்பம் உட்கார்ந்திருக்கிறாள், பட்டாளக் குடியிருப்புகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவள். பேக்கரி அடுப்பில் வெந்துபோன வலதுகை விரல்கள் மடங்குவதில்லை. சாவித் தலையில் கணவன் சூசைராஜ் பற்றவைத்துக் கொடுத்த பித்தளைத் தகட்டை உள்ளங்கையால் தள்ளித்தான் திருப்புகிறாள். டீசல் வண்டியோ சாவியைத் திருப்பினால் நிற்காது; ஒரு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். அது அவளால் ஆகாது. அதனால் அந்தப் பழைய சாவியே டீசலை அடைக்கும்படி ஒயரை இழுத்து வைத்திருக்கிறான், ரயில்வே பட்டறை ஃபிட்டரான சூசைராஜ். இப்போது பானெட்டை ஒட்டி நிற்கிறான். அவள் திருப்புகிறாள். எஞ்சின் நிற்கிறது. அவள் முகம் மட்டும் மலரக் காணோம்.

“நீங்கதான் அங்க கம்பிய இழுத்தீங்க.”

“சத்தியமா இல்ல புஷ்பம்.”

“காலைல அப்படித்தான ஏமாத்துனீங்க? கதை நக்கோ, வேணாம். ரெண்டு கையையும் மேல தூக்குங்க.”

மறுபடி எஞ்சின் தடதடக்கிறது. கிரீஸ் அப்பிய கைகளை வெயிலில் தூக்கிக்கொண்டு நிற்கிறான் சூசைராஜ். உள்ளங்கை பித்தளையைத் தள்ளுகிறது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்குகிறது. எங்கோ ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்கிறது.

“கையை இறக்கலாமா?” என்று கேட்கிறான்.

புஷ்பம் மடங்காத விரல்களால் அந்தப் பித்தளையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.