அடுத்த வரி

ரோம் நகர நீதிமன்றத்தின் உயரமான சாளரங்கள் வழியே பிற்பகல் வெயில் சரிந்து விழுகிறது. அண்ணனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வாரேனஸ் அழுக்கு மேலங்கியோடு நிற்கிறான். அவனுக்காக வாதாடும் ருட்டீலியஸ் கையை உயர்த்தி, ஊரே அறிந்த பழைய நாடகத்திலிருந்து ஒரு வரியை எடுத்துவிடுகிறார்: "அண்ணன் வருவானென்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்." அவர் குரல் தழுதழுக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒரு கண்ணும் கலங்கவில்லை. செருப்புகள் தரையில் தேய்கின்றன, வறுகடலை மெல்லும் வாய்கள் பாதியில் நிற்கின்றன. "ஏம்ப்பா, இதுக்கு அடுத்த வரி..." என்று இழுக்கிறான் ஒருவன். "வாத்தியார்கிட்ட அடி வாங்கிப் படிச்சதாச்சே, மறக்குமா?" என்று இளிக்கிறான் பக்கத்தில் நிற்பவன். தூணோரம் வாரேனஸின் மனைவி சபீடியா போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். "அந்த நாடகம் வேணாம், வேற ஏதாச்சும் சொல்லுங்கன்னு வக்கீலய்யாகிட்டத் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று முனகுகிறாள். ருட்டீலியஸ் அவசரமாக அடுத்த வாதத்துக்குத் தாவுகிறார். யார் காதிலும் ஏறவில்லை. நடுவரின் உதடுகள்கூட ஓசையில்லாமல் அசைகின்றன. அப்போது வாரேனஸ், தூக்கத்தில் பேசுகிறவனைப் போல, வழக்கறிஞர் விட்ட வரியைத் தானே சொல்லி முடிக்கிறான்: "கதவுக்குப் பின்னால் கத்தியோடு நின்றிருந்தேன்."