முயலின் நூல் சொந்தங்கள்

காட்டில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் சொறி பரவியதால், யாரும் வளையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. முயலுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சிலந்தி வளைக்கு வளை நூல் இழுத்துக் கொடுத்திருந்தது. நூலைச் சுண்டிப் பேசினால் சொந்தங்கள் எல்லாருக்கும் கேட்கும். சித்தப்பா விடிந்ததும் காலை வணக்கம் சொல்லும். அத்தை பாட்டுப் பாடும். மற்றவை ஆகா ஓகோ என்று மெச்சும். பக்கத்து வளைப் பெருச்சாளியை மட்டும் முயல் நூலில் சேர்க்கவில்லை. "அதுக்கு நாலு வார்த்தை நல்லாப் பேசத் தெரியாது."

ஒருநாள் அடைமழையில் மண் சரிந்து முயலின் வளைவாய் மூடிக்கொண்டது. மூச்சு முட்ட நூலைச் சுண்டி, "மாட்டிக்கிட்டேன், யாராவது வாங்க!" என்று கதறியது.

"ஐயோ, கேட்கவே மனசு பதறுது!" என்றது சித்தப்பா.

"தைரியமா இரும்மா. நாங்க எல்லாரும் உன்கூடத்தான் இருக்கோம்" என்றது அத்தை.

மற்ற சொந்தங்களும் அதையே ஆளுக்கொரு ராகத்தில் சொல்லின. ஒன்றும் கிளம்பவில்லை.

முயலுக்குக் கண் இருட்டியபோது, பக்கத்துச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. பெருச்சாளி தலையை நீட்டியது.

"கத்துன சத்தம் கேட்டுச்சு. என் வளை வழியா வெளியே போ. நான் மேல படாம ஒதுங்கி நிக்கிறேன், பயப்படாதே."

வெளியே பாய்ந்த முயல் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் வேலையாக நூலைத் தேடிப் பிடித்தது.

"பிழைச்சுட்டேன்! எல்லாம் நீங்க கொடுத்த தைரியம்தான்!"

சொந்தங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டன. அதற்குள் பெருச்சாளி முயலின் வளைவாயில் குவிந்த மண்ணைத் தள்ளத் தொடங்கியிருந்தது. முயல் எரிச்சலோடு திரும்பியது.

"கொஞ்சம் சத்தம் போடாமத் தள்ளேன். குடும்பமாப் பேசிட்டிருக்கோம்ல?"